'ஹானர்'ல 'யு' உண்டா, இல்லையா? கல்யாணப் பத்திரிகை கிளப்பிய ஆங்கிலச் சண்டை!

கல்யாண வீட்டில் எதற்கெல்லாம் சண்டை வரும் என்று உங்களுக்கே தெரியும். ரசத்துக்கு வரும், முன்வரிசை நாற்காலிக்கு வரும், பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதற்கு வரும். எங்கள் வீட்டில் ஒரே ஓர் ஆங்கில எழுத்துக்கு வந்தது.

பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். பெண் புனேயில் வேலை பார்க்கிறாள். அவள் அலுவலக நண்பர்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் என்று முடிவானது. ஆங்கிலப் பக்கத்தைப் பெரியப்பாவே எழுதினார். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், படித்தது முழுக்கத் தமிழ் மீடியம். வீட்டில் கிடந்த பழைய பத்திரிகைகளை விரித்து வைத்து, பக்கத்தில் ஒரு கனமான அகராதியையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கீழே ஆங்கிலத்திலேயே ஒரு தகவலும் சேர்த்திருந்தார். அதன் சாரம் இதுதான்: நிச்சயதார்த்தம் 'பிரிபோன்' ஆகியிருக்கிறது. 'கசின் பிரதர்ஸ்' எல்லாரும் முதல் நாளே வந்துவிட வேண்டும். தங்கும் இடம் பற்றி என் 'கோ-பிரதர்' உங்களுக்கு 'ரிவர்ட்' பண்ணுவார். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.'

அவ்வளவுதான், குரூப் களைகட்டிவிட்டது.

"ஹானர்ல எதுக்கு மாமா யு? ஹெச், ஓ, என், ஓ, ஆர். முடிஞ்சுது" என்றார் நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்திய சித்தப்பா, "அண்ணே, பிரிபோன்னு ஒரு வார்த்தையே கிடையாது" என்று ரென் அண்ட் மார்ட்டின் தொனியில் தீர்ப்பு சொன்னார். காலேஜ் படிக்கும் அவர் மகன், "கோ-பிரதர்னா கோ-ஆப்டெக்ஸ் மாதிரியா பெரியப்பா?" என்றான். நான் என்ன செய்தேன் என்றால், இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எட்டு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிற ஸ்மைலியோடு திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் காலை பெரியப்பா அச்சகத்துக்கு போன் பண்ணி, "இங்கிலீஷ் பக்கமே வேண்டாம், தமிழ் மட்டும் அடிங்க" என்று சொல்லிவிட்டார். குரூப்பில் அவரிடமிருந்து அப்புறம் ஒரு 'குட் மார்னிங்' கூட வரவில்லை. ராத்திரி தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, என் ஆபீஸ்ல அம்பது பேரைக் கூப்பிடணும். நான் என்னத்த கொடுத்துக் கூப்பிட? அப்பா முகம் கொடுத்தே பேச மாட்டேங்காங்க."

பெரியப்பாவிடம் பேசுவதற்கு முன்னால், நான் போட்ட எட்டு வட்டங்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதில் கிடைத்ததைத்தான் உங்களோடு பகிர்கிறேன். உங்கள் வீட்டிலும் சிவப்பு வட்டக்காரர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே கூட இருக்கலாம்.

அந்த 'யு' எங்கே போனது?

முதல் வட்டம், 'ஹானர்'. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் இந்தச் சொல்லை 'யு' போட்டும் எழுதினார்கள், போடாமலும் எழுதினார்கள். ஒருவரே இரண்டு விதமாக எழுதினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 1755-ல் சாமுவேல் ஜான்சன் லண்டனில் தன் பெரிய அகராதியை வெளியிட்டார். அவர் 'யு' இருக்கிற வடிவத்தை எடுத்துக்கொண்டார். இங்கிலாந்து அந்தப் பக்கம் சாய்ந்தது. அங்கிருந்து நம் பள்ளிக்கூடங்களுக்கும் அதுவே வந்தது.

அமெரிக்கா சுதந்திரம் வாங்கியபோது, நோவா வெப்ஸ்டர் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். தனி நாடு ஆகிவிட்டோம், எழுத்தில் மட்டும் ஏன் இன்னும் இங்கிலாந்தின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிய வேண்டும் என்பது அவர் கேள்வி. 1806-ல் சின்னதாக ஓர் அகராதி போட்டார். 1828-ல், தன் எழுபதாவது வயதில், ஏறக்குறைய 70,000 சொற்களோடு பெரிய அகராதியை முடித்தார். 'ஹானர்', 'கலர்' இரண்டிலும் 'யு'வைத் தூக்கினார். 'சென்டர்' என்பதன் கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றினார். பழைய 'மியூசிக்'கின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த 'கே'யை வெட்டினார். நியூஜெர்சி அத்தான் சத்தியம் பண்ணிச் சொல்கிற ஸ்பெல்லிங், இந்த வாத்தியார் எடுத்த முடிவு. ஆனால் அவர் எடுத்த முடிவெல்லாம் எடுபடவில்லை. 'விமென்' என்பதை உச்சரிக்கிறபடியே 'டபிள்யூ-ஐ-எம்-எம்-இ-என்' என்று எழுதலாம் என்றார். நாக்கைக் குறிக்கும் 'டங்' என்ற சொல்லுக்கு 'டி-யு-என்-ஜி' போதும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கர்களோ பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவிலேயே முறைப்படி அடிக்கிற கல்யாணப் பத்திரிகைகளில், 'தங்கள் வருகையால் எங்களைக் கௌரவிக்க வேண்டும்' என்று கேட்கும் அந்த வரியில் மட்டும், இங்கிலாந்து ஸ்பெல்லிங்கில் 'யு' போட்டே எழுதுவது நெடுநாள் மரபு. மரியாதை ஒழுங்குகளைச் சொல்லித்தரும் அந்த ஊர்ப் புத்தகங்களும் அதை ஏற்கின்றன. ஆபீஸ் கடிதத்தில் 'யு' கிடையாது, கல்யாணப் பத்திரிகையில் உண்டு. பெரியப்பா எழுதியது இந்தியாவுக்கும் சரி, நியூஜெர்சிக்கும் சரி. இதை அத்தானுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் நீல டிக் மட்டும்தான் தெரிந்தது.

இரண்டாவது வட்டம், 'சாலம்னைஸ்'. திருமணம் நடைபெறும் என்பதற்கு நம் பத்திரிகைகளில் வழக்கமாக வருகிற கனமான சொல். பெரியப்பா அதில் 'இஸட்' போட்டிருந்தார். "இஸட் அமெரிக்கா, எஸ் பிரிட்டிஷ். ரெண்டையும் கலக்கப்பிடாது" என்பது சித்தப்பாவின் கட்சி. நம்மில் பலருக்கும் பள்ளியில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டிப் பாருங்கள். இந்த வகைச் சொற்களுக்கு அது 'இஸட்'டைத்தான் முதலில் வைக்கிறது. அந்த விகுதி கிரேக்க மொழியிலிருந்து வந்தது, அங்கே அது 'இஸட்' ஒலிதான் என்பது அவர்கள் காரணம். இங்கிலாந்துப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'எஸ்' போடுகின்றன, ஆக்ஸ்ஃபோர்டு 'இஸட்' போடுகிறது. பெரியப்பா அகராதியைப் பார்த்து எழுதியவர். நாங்கள் ஞாபகத்தை வைத்துக்கொண்டு திருத்தியவர்கள்.

ஸ்பெல்லிங்கில் ஒரு நியாயம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒரு 'பி' சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அதை யாரும் எந்தக் காலத்திலும் உச்சரித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த 'பி' கிடையாது. லத்தீன் மூலத்தில் இருந்ததே என்று படித்தவர்கள் பிற்காலத்தில் செருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' கதை இதைவிட மோசம். அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏதோ சம்பந்தம் இருப்பதாகத் தப்பாக நினைத்து ஓர் 'எஸ்' வைத்துவிட்டார்கள். அந்தத் தப்பை மனப்பாடம் பண்ணாததற்கு நாம் பிரம்படி வாங்கியிருக்கிறோம்!

'பிரிபோன்' ஒரு வார்த்தையா?

இனி பெரியப்பாவின் தகவலுக்கு வருவோம். அங்கேதான் சிவப்பு வட்டம் அதிகம்.

'போஸ்ட்போன்' என்றால் தள்ளி வைப்பது. அதற்கு எதிராக, முன்கூட்டியே வைப்பதற்கு 'பிரிபோன்'. இந்தியாவுக்கு வெளியே இதைச் சொன்னால் பலரும் விழிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் வார்த்தையே கிடையாது என்ற சித்தப்பாவின் தீர்ப்பு செல்லாது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இது இருக்கிறது, இந்தியாவில் அதிகம் புழங்குவது என்ற குறிப்போடு.

சரி, இங்கிலாந்துக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? முன்னால் நகர்த்தினோம் என்பார்கள். அதில் ஒரு வம்பு இருக்கிறது. மனோதத்துவ ஆய்வாளர்கள் கேட்டுப் பிரபலமான ஒரு கேள்வி: "அடுத்த புதன்கிழமை நடக்கவிருந்த கூட்டம் இரண்டு நாள் முன்னால் நகர்த்தப்பட்டிருக்கிறது. இப்போது அது என்றைக்கு?" ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் இதை ஆங்கிலத்தில் கேட்டால், ஒரு பகுதியினர் திங்கள்கிழமை என்கிறார்கள், இன்னொரு பகுதியினர் வெள்ளிக்கிழமை என்கிறார்கள். தமிழிலும் 'முன்' என்பது இப்படி இரண்டு பக்கமும் ஆடுகிற சொல்தான். 'முன்னோர்' என்றால் போனவர்கள். 'முன்னேற்றம்' என்றால் இனி வருவது. நிச்சயதார்த்தத்தை முன்னால் தள்ளியாச்சு என்று பெரியப்பா எழுதியிருந்தால், பாதிப் பேர் மண்டபத்துக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்து நின்றிருப்பார்கள். 'பிரிபோன்' என்றதில் ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை. கிண்டல் பண்ணினோமே தவிர, தேதியை எல்லாரும் சரியாகத்தான் குறித்துக்கொண்டோம்.

அடுத்தது 'கசின் பிரதர்'. கசின் என்றாலே போதும், அப்புறம் எதற்குப் பிரதர் என்பது வழக்கமான கிண்டல். இந்தக் கிண்டலை நானே எத்தனையோ பேரிடம் அடித்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் பெரியப்பா பிள்ளை, சித்தி பிள்ளை, மாமா பிள்ளை, அத்தை பிள்ளை எல்லாமே கசின். ஆணா பெண்ணா என்றுகூட அந்தச் சொல்லில் தெரியாது. நமக்கு அப்படி முடியுமா? பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் என்றால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி. மாமா, அத்தை பிள்ளைகள் என்றால் முறைக்காரர்கள். பெண் கேட்டு வரலாம். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடினால் நம் வீடுகளில் வேறு மாதிரியான பஞ்சாயத்து வந்துவிடும். அதனால் ஆங்கிலத்தின் கசினோடு நம் உறவையும் சேர்த்துத் தைத்துக்கொண்டோம். இன்றைக்கு அதையும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். பெரியப்பா அப்படிச் சொல்லவில்லை.

ஏனென்றால் தங்கச்சிக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. மணவறையில் அவள் கையில் பொரி போட ஒரு சகோதரன் வேண்டும். அதற்காகத்தான் 'கசின் பிரதர்ஸ்' முதல் நாளே வரணும் என்று அவர் குறிப்பாக எழுதினார். வெறும் 'கசின்ஸ்' என்று எழுதியிருந்தால் நியூஜெர்சி அத்தானும் பொரிக்குக் கை நீட்டியிருப்பார். அவர் முறைப்பையன், போடக் கூடாது! அந்த வார்த்தையில் பெரியப்பா கூப்பிட்டது என்னை. நான் அதைச் சுற்றித்தான் சிவப்பாக வட்டம் போட்டிருந்தேன்.

'கோ-பிரதர்' இதே ஜாதி. மனைவியின் சகோதரியின் கணவர், நம் சகலை. ஆங்கிலத்தில் 'பிரதர்-இன்-லா' என்ற ஒரே மூட்டைக்குள் மச்சான், கொழுந்தன், அக்கா புருஷன், சகலை எல்லாரையும் கட்டிவிடுவார்கள். சகலைக்குத் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டது, உண்டாக்கிக்கொண்டோம். ஓரகத்திக்கு 'கோ-சிஸ்டர்'. கோ-ஆப்டெக்ஸ் ஜோக் நல்ல ஜோக்தான், அதை நான் மறுக்கவில்லை.

'டூ தி நீட்ஃபுல்' நாம் கண்டுபிடித்தது என்று நினைத்துச் சிரிக்கிறோம். ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே கடிதங்களில் புழங்கிய தொடர் அது. அங்கே வழக்கொழிந்துவிட்டது, நம் அலுவலகங்களில் தங்கிவிட்டது. பேசுவது என்ற பொருளில் பழந்தமிழில் இருந்த 'பறைதல்' இங்கே மங்கிப்போய் மலையாளத்தில் இன்னும் ஜோராக நடமாடுகிற மாதிரி. 'பாஸ்டு அவுட்' என்பதும் அப்படி ஒரு மிச்சம்தான். 1998-ல் காலேஜிலிருந்து 'பாஸ்டு அவுட்' என்று அமெரிக்காவில் சொன்னால், மயங்கி விழுந்துவிட்டீர்களா என்று பதறுவார்கள். ஆனால் சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்துக் கிளம்பும் அணிவகுப்புக்கு இன்றைக்கும் 'பாஸிங் அவுட் பரேட்' என்றுதான் பெயர். அங்கே யாரும் மயங்குவதில்லை.

மிச்சம் 'ரிவர்ட்'. இதில் மட்டும் என் வட்டத்துக்குப் பாதி மார்க் போட்டுக்கொள்கிறேன். பழைய நிலைக்குத் திரும்புவது என்பது அதன் பொதுவான பொருள். பதில் சொல்வது என்ற பொருள் இந்தியாவிலும் சிங்கப்பூர், மலேசியா பக்கமும் அலுவலக மெயில்களில் நன்றாக வேரூன்றிவிட்டது. நம் ஆட்களுக்குள் பிரச்னை இல்லை. லண்டன் கிளையண்ட்டுக்கு மெயில் போடும்போது 'ரிப்ளை' என்றே எழுதிவிடுங்கள், வம்பில்லை.

இட்லியா, 'ஐட்லி'யா?

மூன்றாவது வட்டத்தை மறந்துவிடவில்லை. திருநெல்வேலி. பெரியப்பா 'டி-ஹெச்' போட்டுத் தொடங்கியிருந்தார். அரசாங்கப் பலகைகளில் வெறும் 'டி'. எது சரி?

இந்தச் சண்டையை ஆங்கிலத்தால் தீர்க்கவே முடியாது. நம்மிடம் 'த'வும் இருக்கிறது, 'ட'வும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கிடைப்பது ஒரு 'டி'தான். அதனால் 'த'வுக்கு ஒரு 'ஹெச்' சேர்த்துக்கொள்கிறோம். வடக்கே அந்த 'ஹெச்' வேறு வேலைக்கு இருக்கிறது, அழுத்தி மூச்சுவிட்டுச் சொல்லும் எழுத்துகளுக்கு. அதனால்தான் நம்மூர் கவிதாவுக்கு 'ஹெச்' உண்டு, டெல்லி கவிதாவுக்குக் கிடையாது. 'ழ'வுக்கு நாம் போடும் 'இஸட்-ஹெச்' இருக்கிறதே, அது இன்னும் பாவம். தங்கச்சியின் புனே சிநேகிதிகள் 'கோழிக்கோடு' என்பதைக் 'கோஸிகோட்' என்று வாசிப்பார்களாம்.

இதை உத்தரவு போட்டுச் சரிசெய்யவும் பார்த்தார்கள். 2020 ஜூனில், 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எழும்பூர், திருவல்லிக்கேணி எல்லாம் ஆங்கிலத்திலும் தமிழ்போல மாறின. நோக்கம் நல்லதுதான். ஆனால் கோயம்புத்தூரின் புது ஸ்பெல்லிங் பாதித் தெரு நீளத்துக்கு இருந்தது. வேலூருக்கு இரண்டு 'இ' போட்டதில் பலரும் 'வீலூர்' என்று வாசித்தார்கள். மீம்ஸ் பறந்தன. அதே மாதத்தில் அறிவிப்பு வாபஸ் ஆனது.

அமெரிக்காவிலும் அச்சு அசலாக இதே நாடகம் நடந்திருக்கிறது. 1906-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களுக்கு எளிமையான ஸ்பெல்லிங்கைப் பயன்படுத்தச் சொல்லி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். பத்திரிகைகள் கேலி பண்ணித் தீர்த்தன. நாடாளுமன்றம் முறைத்துக்கொண்டது. அந்த வருஷம் முடிவதற்குள் ரூஸ்வெல்ட் பின்வாங்கிவிட்டார். ஓர் ஊர்க்காரன் தன் ஊர்ப் பெயரை எப்படி எழுதிப் பழகினானோ, அதை அதிபரே வந்தாலும் அசைப்பது கஷ்டம்.

சாப்பாட்டுப் பெயர்களில் இந்த வம்பு இன்னும் ருசி. நம் ஹோட்டல் பலகைகளில் இட்லிக்குக் கடைசியில் 'ஒய்' போடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த ஸ்பெல்லிங்குக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு, வேலை வெட்டி இல்லாமல் சும்மா இருப்பது. அதை 'ஐட்லி' என்று வாசிப்பார்கள். அகராதிகள் இட்லியை 'ஐ' போட்டு முடிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இரண்டு ஸ்பெல்லிங்கும் சரியாகத்தான் படுகிறது. தோசைக்கு இங்கே ஒரு ஸ்பெல்லிங், சிங்கப்பூரில் 'டி-ஹெச்' போட்டு வேறொன்று. மிளகுத்தண்ணியை 'மல்லிகடானி' ஆக்கியும், கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' ஆக்கியும் அவர்கள் எழுதிக்கொண்டபோது, நாம் யாரும் சிவப்புப் பேனாவோடு போகவில்லை. 2016-ல் நம்முடைய 'ஐயோ'வையே ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சேர்த்துக்கொண்டது.

அகராதியும் சறுக்கும்

அப்படியானால் கடைசித் தீர்ப்பு யாருடையது? அகராதிதானே என்பீர்கள். பெரும்பாலும் ஆமாம். ஆனால் அகராதியை எழுதுகிறவர்களும் நம்மைப்போல மனுஷர்கள்தான்.

1934-ல் வெளியான வெப்ஸ்டர் பெரிய அகராதியில் 'டார்ட்' என்று ஒரு சொல் இருந்தது. பொருள், அடர்த்தி. அப்படி ஒரு சொல் உலகத்திலேயே கிடையாது. அடர்த்திக்குப் பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' என்ற சுருக்கக் குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதியிருந்தார்கள். நடுவில் இருந்த 'ஆர்', அதாவது 'அல்லது', இரண்டு 'டி'க்களோடும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டது. அதற்கு உச்சரிப்பும் போட்டு அச்சேற்றிவிட்டார்கள். 1939-ல்தான் ஓர் ஆசிரியர் கண்ணில் பட்டது.

அமெரிக்காவில் நடக்கும் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985-ல் பாலு நடராஜன் ஜெயித்ததிலிருந்து இந்திய வம்சாவளிப் பிள்ளைகளின் கொடி அங்கே பறக்கிறது. 2019-ல் எட்டுப் பேர் ஒன்றாக ஜெயித்தார்கள், அதில் ஏழு பேர் நம்மவர்கள். 2013-ல் அர்விந்த் மகன்காளி என்ற சிறுவனுக்குக் கடைசியாக வந்த சொல் 'நேய்டல்'. யூதர்கள் சூப்பில் போடும் ஒரு மாவு உருண்டை. பையன் சரியாகச் சொல்லிக் கோப்பையைத் தூக்கிவிட்டான். அதற்கப்புறம்தான் சண்டையே ஆரம்பம். இந்த ஸ்பெல்லிங்கே தப்பு என்றார்கள் யிட்டிஷ் மொழி அறிஞர்கள். அந்த உருண்டையை வருஷக்கணக்காக உருட்டியவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். யிட்டிஷ் மொழியை எழுதுவது ஹீப்ரு எழுத்தில். ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் அது ஓர் உத்தேசம்தான், நம் இட்லி மாதிரி. போட்டிக்கு என்று ஓர் அகராதியை வைத்திருக்கிறார்கள், அதில் இருப்பதைச் சொன்னால் ஜெயம். பையன் அதைச் சொன்னான்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எப்படி எழுதினாலும் சரிதானா என்று கேட்காதீர்கள். அப்படி இல்லை. 'லூஸ்' என்ற சொல்லில் ஓர் 'ஓ' போட்டால் தொலைப்பது, இரண்டு 'ஓ' போட்டால் தொளதொளப்பு. வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் இதை மாற்றிப்போட்டால் படிக்கிறவர் முகம் சுளிப்பார். மருந்துச் சீட்டிலும் பாஸ்போர்ட்டிலும் ஓர் எழுத்து மாறினால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த மாதிரி இடத்தில் தப்பைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டும். குரூப்பில் சொல்வதைவிட, அவருக்குத் தனியாக ஒரு போன் போட்டுச் சொல்லலாம். எங்கள் சித்தப்பாவுக்கு நான் இதைச் சொன்னபோது, "முப்பது வருஷமா கிளாஸ்ல எல்லார் முன்னாடியும்தான திருத்தினேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அதான் பயலுக யாரும் எங்கிட்ட இங்கிலீஷ்ல பேசவே மாட்டானுவ" என்றார்.

சனிக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளின் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வட்டமாகச் சொன்னேன். 'யு' சரி. 'இஸட்' சரி. ஊர்ப் பெயர் உங்கள் இஷ்டம். கசின் பிரதர், கோ-பிரதர் இரண்டும் நமக்கு வேண்டிய சொற்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பிரிபோன் புக்குல இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். இருக்கு என்றேன். "ஒன் சித்தப்பன்ட்ட சொல்லு" என்றார்.

ஆங்கிலப் பக்கத்தைத் திரும்பச் சேர்க்கச் சம்மதித்தார். அச்சகத்தில் பழைய ஃபைலை அழித்திருந்ததால் நானே லேப்டாப்பில் புதிதாக டைப் பண்ணி அனுப்பினேன். இந்தத் தடவை புரூஃப் வந்ததும் பெரியப்பா அதைக் குரூப்பில் போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடி ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, அகராதியை எடுத்துப் பக்கம் தேடினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்க வா. வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்ல நடுவுல 'ஐ' வரணுமா, 'இ' வரணுமா?"

'ஐ' வந்தால் வாழ்த்து. 'இ' வந்தால் குறையை நிரப்புவது. நான் 'இ' போட்டிருந்தேன். உற்றார் உறவினரின் சிறந்த நிரப்பல்களுடன் 600 பத்திரிகை அச்சாகியிருக்கும்.

பெரியப்பா பென்சிலால் அந்த எழுத்தின் மேல் சின்னதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'ஐ' எழுதி, "சரி, அனுப்பிரு" என்று தாளை என்னிடம் நீட்டினார். அதை போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பவில்லை.